நான் அறுக்காத ஐஸ்

ஐஸ் தானாகக் கரையாது. எவனாவது அறுத்திருப்பான். இது என் அனுபவம்.

அனுபவம் என்றால், அறுத்தவனே நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி இருந்த ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தேன். மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பார்களை ஏற்றி, மேலே உமியைக் கொட்டி, கோணியைப் போர்த்தி, கல்யாண மண்டபம், மீன் மார்க்கெட், சாவு வீடு என்று எங்கே சொன்னாலும் கொண்டுபோய் இறக்குவேன். போகிற வழியில் நடேசன் ஜூஸ் கடை. அங்கே வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். ரம்பத்தை எடுத்து ஓரமாக நாலு விரல் பருமனுக்கு அறுத்து நடேசனிடம் தள்ளிவிட்டு, அறுத்த இடத்தை ஈரக் கையால் தேய்த்துவிடுவேன். தடமே தெரியாது. மண்டபத்துக்காரன் ஐஸைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். நான் வானத்தைப் பார்ப்பேன்.

"வெயிலு நைனா. வழியிலயே கரஞ்சு பூடுச்சு."

ஒருத்தன்கூட மறுத்துப் பேசியதில்லை. வெயிலின் மேல் பழி போட்டால் அது திருப்பிப் பேசாது. ஆகையால் எவனாவது என்னிடம் வந்து ஐஸ் கரைந்துபோனது என்றால், முதலில் அவன் கையில் ரம்பம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட என் வீட்டு மாடிக்குத்தான் எழிலரசி குடிவந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜில் பாடம் சொல்லித்தருகிறாள். வருடா வருடம் செப்டம்பர் வந்தால் ஒரு மாதம் மாடி பூட்டிக் கிடக்கும். எங்கே போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். இமயமலையில் ஒரு சின்னப் பனிப்பாறை இருக்கிறது, அதை அளக்கப் போகிறேன் என்றாள்.

"எம்மாம் பெருசு கீது?"

"நம்ம அம்பத்தூர் ஏரியில பாதிகூட வராது ஐயா. வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வருது."

செல்போனில் படம் காட்டினாள். எட்டு வருடத்துப் படங்கள், எல்லாம் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. முதல் படத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே வெள்ளையாக நாக்குப்போலத் தொங்குகிறது. கடைசிப் படத்தில் நாக்கு உள்ளே போயிருக்கிறது. அது இருந்த இடத்தில் வெறும் கல்லும் சேறும்.

"யாரு அறுத்தது?" என்றேன்.

"யாரும் அறுக்கல ஐயா. உருகுது. வெயில் கூடிக்கிட்டே போகுதுல்லா."

"வெயிலு!" நான் ராஜம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். என் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தோ பாரும்மா. அம்பத்தூர் ஏரியுந்தான் சுருங்கிச்சு. வெயில்லயா சுருங்கிச்சு? கரையோரமா கல்லு நட்டான், பிளாட் போட்டான், ஊடு கட்டினான். அங்கியும் எவனோ பிளாட் போட்டுகினு கீறான். நீ ஒரு மாசந்தான் பாக்குறே. மீதி பதினோரு மாசம் யாரு காவலு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. "காவலுக்கு யாருமில்ல. அதுக்குத்தான் கம்பு நட்டிருக்கேன்" என்றாள்.

மூங்கில் கம்பாம். ஐஸில் ஆழமாகத் துளை போட்டுக் கம்பை உள்ளே இறக்கிவிட்டு வருவாளாம். அடுத்த வருடம் போகும்போது கம்பு எவ்வளவு வெளியே நிற்கிறதோ, அவ்வளவு ஐஸ் போய்விட்டது என்று அர்த்தம். எழுதிக்கொண்டு மறுபடி ஆழமாக இறக்க வேண்டும். ஒரு வருடம் போகாமல் விட்டால் கம்பு முழுக்க வெளியே வந்து சாய்ந்து ஆற்றோடு போய்விடும். அப்புறம் அந்த வருடம் எவ்வளவு போனது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பு நட்டவன் பிடுங்கியும் நடலாம்.

இந்த வருடம் ஆடி பிறந்த வாரம், சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?"

"லீவு தர மாட்டேங்கிறார் அம்மா."

காலேஜை நடத்துகிறவர் ஜானகிராமன் என்று ஒரு பெரிய மனிதர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இவள் மலைக்குப் போக முடியும். எட்டு வருடம் போட்டவர் இந்த வருடம் பேனாவை மூடிவிட்டார். உருகுது உருகுதுன்னு எட்டு வருஷமா எழுதறீங்க, அதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குப் போய்ப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். ஆடி மூன்றாம் ஞாயிறு காலேஜில் பொதுஜனம் பார்க்கிற மாதிரி ஒரு கண்காட்சி. மூன்று மணிக்கு அவர் வருவார். இவள் என்ன வைக்கிறாள் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

"நிஜ ஐஸ்லயே ஒரு பனிப்பாறை செஞ்சு, அதுல கம்பு நட்டு, அது எப்படி வெளிய வருதுன்னு அவருக்குக் காட்டணும் ஐயா. அதைப் பார்த்தும் அவர் வேண்டாம்னா அவ்வளவுதான், எட்டு வருஷமும் போச்சு. எனக்கு நல்ல ஐஸ் வேணும்."

உடனே ஒத்துக்கொண்டேன். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். நான் காவலுக்கு நின்று, ஒருத்தனும் அறுக்காமல் பார்த்துக்கொண்டால், ஐஸ் வைத்தது வைத்தபடி நிற்கும். அதை இவள் கண்ணால் பார்த்தால், எவனோ தன்னை எட்டு வருடமாக ஏமாற்றுகிறான் என்று புரிந்துகொள்வாள். மலையேறி மூக்குத் தோல் உரிந்து வருகிற வேலையும் மிச்சம்.

"மூணு மணி வரிக்கும் அப்டியே நிக்கும் பாரு" என்றேன்.

"நிக்காது ஐயா."

"நான் காவலு. நிக்கும்."

"அப்படின்னா மணிக்கு ஒரு தடவை கம்பை அளந்து நோட்டுல எழுதுவோம். ஒவ்வொரு தடவையும் நீங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும். சரியா?"

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் பெயரான வேம்புலியை எழுதி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனாலும் சரி என்றேன்.

செய்தி நடேசன் காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் கடைப்பக்கம் போனபோது ஜூஸ் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"நீ ஐஸுக்குக் காவலா மாமே? அந்தப் பொண்ணுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா?"

"இந்தத் தபா ஒரு சில்லுகூடத் தொட மாட்டேன்டா."

"கைல அடிச்சுச் சொல்லு."

அடித்தேன். "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு நானே வந்து பாக்குறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறு பார் ஐஸைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அயப்பாக்கம் வழியாகத் திருவேற்காட்டைத் தாண்டிப் போனோம். வழியில் நாலு ஜூஸ் கடை வந்தது. கை அரித்தது. ரம்பத்தைத் துணியில் சுற்றி என் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலேஜ் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். அதில் ஐஸை அடுக்கி, எழிலரசி சொன்னபடி செதுக்கினேன். என் மார்பு உயரத்துக்கு ஒரு மேடு, முன்பக்கம் சரிவு. அடியில் ஒரு பொந்து வேண்டும் என்றாள். பனிப்பாறையின் கீழ்நுனியில் குகை மாதிரி இருக்குமாம், ஆறு அதிலிருந்துதான் கிளம்புமாம். கொக்கியால் குடைந்து கொடுத்தேன். ஐந்து மூங்கில் கம்புகளை இறக்கி, நுனியில் சிவப்புத் துணி கட்டினாள். மலையிலும் தூரத்திலிருந்து தெரிவதற்கு அப்படித்தான் கட்டுவாளாம். பிறகு படம் ஒட்டுவதற்கு உள்ளே போனாள்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். மொட்டையாக இருந்தது. மலை என்றால் மரம் வேண்டாமா? கேட்டருகே ஒரு வேப்பமரம் நின்றது. நாலு கொத்து ஒடித்து மேட்டைச் சுற்றிச் செருகினேன். வெயில் பக்கவாட்டில் அடித்ததால், ராஜம்மாவின் பழைய மஞ்சள் புடவையை, ஐஸின் மேல் சுற்றிக் கொண்டுவந்ததை, பின்னால் திரையாகக் கட்டினேன்.

எழிலரசி வந்து பார்த்தாள். "அங்க மரமே கிடையாது ஐயா."

"இருந்திருந்தா நெழலா இருந்திருக்கும்ல" என்றேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வெள்ளையாக ஒரு மேடு. அடியில் பொந்து. சுற்றிலும் வேப்பிலை. பின்னால் மஞ்சள் புடவை, உச்சியில் சிவப்புத் துணி. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காடு அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் பஸ் மாற நிற்பது அந்தக் கேட்டுக்கு எதிரில். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ரம்பத்தோடு எவன் வருகிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கம்பு எல்லாம் ஒரு சாண் வெளியே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பதினோரு மணிக்கு அளந்தபோது ஒரு விரல் கூடியிருந்தது. கம்புதான் மேலே ஏறியிருக்கும் என்று அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ரம்பத் தடம் இல்லை, ஆளும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினாள். பந்தலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, பனிப்புத்து!"

நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் கையிலிருந்த பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்து, பொந்துக்குள் ஊற்றிவிட்டாள்.

"ஏம்மா! இன்னா பண்றே? இது ஐஸும்மா!"

"ஆத்தா எந்த ரூபத்துல வந்தா ஒனக்கின்னாய்யா? கொஞ்சம் தள்ளு பூசாரி, கும்புட்டுக்குறேன்."

சட்டை நனைந்துவிட்டதால் கழற்றிக் காயப்போட்டிருந்தேன். அது தப்பாகப் போய்விட்டது. அவள் திரும்பி, ஸ்டாப்பில் நின்ற மொத்தக் கூட்டத்தையும் கைதட்டிக் கூப்பிட்டாள். மஞ்சள் வந்தது. குங்குமம் வந்தது. பொந்துக்கு முன்னால் இரண்டு முட்டை வைத்தார்கள். அந்தக் குளிரில் எந்தப் பாம்பு வந்து குடிக்கப்போகிறது? பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே இறங்கி வந்து கும்பிட்டுவிட்டு ஓடினார். நான் கத்தினேன், கையை விரித்து மறித்தேன். மறிக்க மறிக்க, பூசாரிக்கு அருள் வந்துவிட்டது என்று இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள்.

எழிலரசி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஸ்கேலை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள்.

"ஐயா, இங்க பாருங்க. குங்குமம் கொட்டின பக்கம் கம்பு நாலு விரல் ஏறியிருக்கு. வெள்ளையா இருக்கிற பக்கம் ரெண்டு விரல்தான்."

"அத்தொட்டு இன்னா?"

"ஐஸ் மேல அழுக்குப் பட்டா வெயிலை இழுத்துக்கும். மலையிலயும் இதேதான் நடக்கு. தூசியும் புகையும் வந்து படியுது."

"அம்மாம் ஒசரத்துல யாரு பொக வுடறது?"

"கீழ இருக்கிற ஊருங்க ஐயா. இதே மாதிரி லாரி, சூளை, அடுப்பு" என்று ரோட்டைக் காட்டினாள். ரோட்டில் ஒரு தண்ணி லாரி கருப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று.

பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். கூட்டம் குறையவில்லை. ஒரு மணி சுமாருக்கு, எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேரோடு ராஜம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்பாடா என்று இருந்தது. ராஜம்மா அதட்டினால் அம்பத்தூர் மார்க்கெட்டே அடங்கும்.

"வா, வந்து இதுங்கள வெரட்டு" என்றேன்.

அவள் கன்னத்தில் கைவைத்து மேட்டைப் பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு பையைத் திறந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். கல் உப்பு, மிளகு.

"ஒன் முட்டி வலிக்குத்தான்யா வேண்டிக்கினேன். திருவேற்காட்டுல கொட்டலாம்னு எடுத்தாந்தேன். ஆத்தா இங்கியே வந்துகீறா."

"அடியே, உப்புடி! ஐஸ்காரன் பொண்டாட்டிடி நீ! ஐஸ் மேல உப்பு பட்டா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியாது?"

"ஒன் வலி கரஞ்சு பூடும்" என்று சொல்லி இரண்டையும் உச்சியில் கவிழ்த்தாள்.

ஐஸ் பொரிகிற மாதிரி சத்தம் போட்டது. கோயிலுக்கு என்று கிளம்பிய ஜனம். பாதிப் பேர் பையில் உப்பும் மிளகும் இருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் ஒரு மளிகைக் கடையின் உப்பே அதன் மேல் விழுந்திருக்கும். நான் கோணியைப் போர்த்தி மூடினேன். கோணியின் மேல் கொட்டினார்கள். இரண்டு மணிக்கு நான் போட்ட கையெழுத்து ஈரத்தில் அழிந்தது. மறுபடி போட்டேன்.

மூன்று மணிக்கு ஜானகிராமன் காரிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ. சொன்னபடி நடேசனும் வந்து நின்றான். மார்பு உயரத்துக்கு இருந்த மேடு என் முட்டிக்குக் கீழே வந்திருந்தது. மூன்று கம்புகள் விழுந்துவிட்டன. இரண்டு சாய்ந்து நின்றன.

"மேடம், பனிப்பாறை எங்கே?"

"இதுதான் சார்."

"ஆறு பார் ஐஸ்னு எழுதிக் கொடுத்தீங்க. இது ஒண்ணரைகூடத் தேறாது போலிருக்கே. மீதியை யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

நடேசன் முன்னால் வந்தான். "காவலு யாருன்னு கேளுங்க சார். நம்ம வேம்புலி. முப்பது வருஷமா அறுத்து அறுத்து எனக்கே குடுத்தவரு. மெய்ய சொல்லு மாமே, எந்தக் கடைல எறக்கினே?"

"டேய் நடேசா, ஒண்ணும் எடுக்கலடா. கரஞ்சு பூடுச்சுடா!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முப்பத்துநாலு வருடமாகச் சொன்ன அதே சொல். அப்போதெல்லாம் பொய், எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்கு நிஜம், ஒருத்தரும் நம்பவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜம்மா பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள்: "மெய்யாலுமே எடுக்கலியாய்யா?" உப்பைக் கொட்டினவளே கேட்கிறாள்!

எழிலரசி நோட்டைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இவர் எடுக்கல சார். பத்து மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் அளவு இருக்கு, இவர் கையெழுத்தும் இருக்கு. யாராவது அறுத்திருந்தா ஒரே பக்கத்துல, ஒரே நேரத்துல குறைஞ்சிருக்கும். இது எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. குங்குமம் பட்ட இடத்துல கூடுதலா. ஒரு மணிக்கு மேல ரொம்பக் கூடுதலா. அது உப்பு."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் கையெழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க பெரியவரே" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். "சரி மேடம். உருகுதுன்னு ஒத்துக்கறேன். ஆனா நான் கேட்டது வேற. தெரிஞ்சுபோன விஷயத்தை எதுக்கு வருஷா வருஷம் போய் அளக்கணும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சாரே, அந்த நோட்டுல பன்னெண்டு மணி பக்கத்த மட்டும் கிழிச்சுப் போட்டா இன்னா ஆவும்?"

"என்ன ஆகும்?"

"தோ நிக்கிறானே இந்த ஜூஸ் கடக்காரன், அந்த ஒரு மணி நேரத்துலதான் நான் அறுத்தேன்னு சொல்லுவான். நீயும் நம்புவே. ஒரு பக்கம் பூட்ச்சுன்னா மீதி எத்தினி பக்கம் இருந்தாலும் நான் திருடன்தான். அந்தப் பொண்ணு நோட்டுல எட்டு பக்கம் கீது. ஒம்போதாவது பக்கத்த நீ கிழிக்கிறே."

பெரிய மனிதரை நீ என்றதும் காலேஜ்காரர்கள் முகம் வெளுத்துவிட்டது. எழிலரசி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜானகிராமன் சாய்ந்த கம்புகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை. அவரையேதான் பார்த்தேன்.

"இருபத்தஞ்சு நாள்" என்றார். "அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது."

சொல்லிவிட்டுக் குனிந்து ஷூவைக் கழற்றினார். ஒரு வேப்பிலைக் கொத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ராஜம்மாவின் பக்கம் நகர்ந்து, மெதுவான குரலில், "எனக்கும் முட்டி வலிதாம்மா. அந்த உப்பு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கொட்டினார். கடைசி இரண்டு கம்புகளும் விழுந்தன.

செப்டம்பரில் எழிலரசி போனாள். பத்து நாள் கழித்து ராஜம்மாவின் போனுக்குப் படம் வந்தது. போன வருடம் இறக்கிய கம்பு அவள் தலைக்கு மேலே நிற்கிறது. பக்கத்தில் அவள் கையை உயர்த்தி அளந்து காட்டுகிறாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஐஸை மூலை மூலையாகப் பார்த்தேன். எங்கேயும் ரம்பத் தடம் இல்லை. நடேசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீ அறுத்தப்போ மட்டும் தடம் இருந்துச்சா மாமே?" என்றான்.

நியாயமான கேள்வி. அன்று சாயங்காலம் அவள் போன் செய்தபோது கேட்டேன்: "நோட்டுல ஒன் பக்கத்துல யாரும்மா கையெழுத்து போட்டது?"

"யாருமில்ல ஐயா. நான் மட்டுந்தான்."

"நாளைக்கு எவனாவது நீதான் அறுத்தேன்னு சொன்னா?"

அவள் சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது? திருடன் என்று நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியவனுக்குத்தான் அது தெரியும். அடுத்த வருடம் அங்கே சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். பூந்தமல்லியில் ஒரு கடையில் ஸ்வெட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இந்த முட்டியோடு மலை ஏற முடியாது என்கிறார் டாக்டர். டாக்டர் சொல்வதை நான் நம்புவதில்லை. ராஜம்மாவும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். வரட்டும். ஆனால் பையைத் திறந்து பார்த்த பிறகுதான் அவளை ரயிலில் ஏற விடுவேன்.